குறிப்பேட்டைப் படித்தவர்கள்: கோதிக் (மர்மமும் அச்சமும் கலந்த) புதினங்களில் அறிவியல் அறம்

நாட்குறிப்பாளன்:

பிராங்கன்ஸ்டைன் புதினத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "கடவுளின் வேலையில் மனிதன் கைவைத்தால் இதுதான் கதி" என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. மேரி ஷெல்லி எழுதி, 1818 சனவரியில் ஆசிரியர் பெயரே இல்லாமல் லண்டனில் வெளிவந்த அந்தப் புதினத்தை இந்த மாதம் மறுபடியும் படித்தேன். பலரும் வேகமாகக் கடந்துபோகும் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன்.

விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்ற ஆய்வாளன் படைத்த உயிர் ஆய்வறையை விட்டு வெளியேறும்போது, குளிருக்காக அங்கே கிடந்த உடையை எடுத்துப் போர்த்திக்கொண்டு போகிறது. காட்டோரக் குடிசையை ஒட்டிய கொட்டிலில் மறைந்திருந்து, சுவரிடுக்கு வழியாகக் கேட்டுக் கேட்டே எழுத்தறிந்துகொண்ட பிறகுதான், அந்த உடையின் பையில் சில தாள்கள் இருப்பதன் பொருள் அதற்குப் புரிகிறது. அவை, தான் உயிர்பெறுவதற்கு முந்தைய நான்கு மாதங்களுக்கான விக்டரின் நாட்குறிப்புகள். வேலையின் ஒவ்வொரு படியும் அதில் பதிவாகியிருக்கிறது. தன் உடலைப் பார்த்துப் படைத்தவனுக்கு எழுந்த அருவருப்பும் பதிவாகியிருக்கிறது. தன் பிறப்புச் சான்றையும் தன்மீதான வெறுப்பையும் ஒரே தாளில் படிக்க நேர்ந்த உயிர் அது.

இதைப் படித்தபின் வேறு இரண்டு கதைகள் நினைவுக்கு வந்தன. அமெரிக்க எழுத்தாளர் ஹாதார்ன் 1843இல் எழுதிய 'பிறவி மச்சம்' கதையில், மனைவியின் கன்னத்திலுள்ள சிறு கை வடிவ மச்சத்தை நீக்கத் துடிக்கும் எய்ல்மரின் பெரிய ஆய்வேட்டை, அந்த மனைவி ஜார்ஜியானா எடுத்துப் படிக்கிறாள். 1886இல் வந்த ஜெக்கில்–ஹைட் கதையில், மருந்து குடித்து ஹைட் என்ற கொடியவனாக மாறும் ஜெக்கிலின் இழுப்பறையோடு வந்த குறிப்பேட்டை, அவர் நண்பரான மருத்துவர் லான்யன் புரட்டுகிறார். மூன்று கதைகளிலும் ஆய்வு செய்தவரின் ஏடு, அவர் யாரிடம் அதைக் காட்ட விரும்பவில்லையோ அவர் கையிலேயே போய்ச் சேர்கிறது.

இதிலிருந்து என் கருத்தைச் சொல்கிறேன். இந்தக் கதாபாத்திரங்களுக்கிடையே நடக்கும் அறச்சண்டை "எதை அறியலாம், எதை அறியக்கூடாது" என்பதைப் பற்றியது அன்று. ஆய்வின் விளைவை உடம்பில் சுமக்கப்போகிறவருக்கு ஆய்வைப் பற்றிச் சொல்லும் கடமை உண்டா என்பதைப் பற்றியது. உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

பனிவெளி:

நண்பரின் வாசிப்பு நுட்பமானது, ஆனால் அதை முழுமையாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை. 1831ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்புக்கு மேரி ஷெல்லி எழுதிய முன்னுரையிலேயே, படைத்தவனின் மாபெரும் இயக்கத்தை மனிதன் போலிசெய்ய முயல்வது எவ்வளவு அச்சமூட்டும் செயல் என்று குறிப்பிடுகிறார். ஆகவே "கடவுளின் வேலை" என்ற வாசிப்பை வாசகர்களாகவே ஏற்றிச் சொன்னது என்று தள்ளிவிட முடியாது.

அதைவிட முக்கியமானது, வடதுருவப் பயணத்தில் விக்டரைப் பனியிலிருந்து காப்பாற்றும் கப்பல் தலைவன் வால்ட்டனுக்கும் விக்டருக்கும் இடையில் நடப்பது. தான் தேடும் அறிவுக்காக ஒரு மனிதனின் உயிர் போனாலும் அது சிறிய விலைதான் என்று வால்ட்டன் சொல்லும்போது, விக்டர் துடித்துப்போகிறான்; தன் கதையைச் சொல்லத் தொடங்குவதே அதனால்தான். ஆனால் உயிரூட்டும் முறை என்ன என்று வால்ட்டன் துருவும்போது, உனக்கென்ன பைத்தியமா என்று கடிந்து, வாயைத் திறக்க மறுத்துவிடுகிறான். புதினம் முழுவதிலும் அவன் செய்த உருப்படியான அறச்செயல் அந்த மறுப்பு ஒன்றுதான் என்பேன். உங்கள் வாதத்தின்படி ஏட்டைத் திறந்து காட்டியிருந்தால், வடதுருவப் பனியில் இன்னொரு விக்டர் உருவாகியிருப்பான்.

தான் படைத்த உயிர் துணை கேட்டதால் ஆர்க்னி தீவுகளில் பாதி முடித்த பெண்ணுருவை அவன் கிழித்தெறிவதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மனிதரை விட்டு விலகிப்போவோம் என்று அந்த உயிர் செய்த ஒப்பந்தத்துக்கு அவள் கட்டுப்படாமல் போகலாம், ஓர் இனமே பெருகி மனிதர்களை அச்சுறுத்தலாம் என்று எண்ணிப் பார்த்து, செய்யக்கூடியதைச் செய்யாமல் விடுகிறான். முதல் முறை யோசிக்காததை இரண்டாம் முறை யோசிக்கிறான். அறிவுக்கு எல்லை வேண்டும் என்பது இங்கே நடுமையமாகவே இருக்கிறது.

நாட்குறிப்பாளன்:

பனிவெளி ஐயா சொன்ன வால்ட்டன் காட்சியை நான் கணக்கில் எடுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். செய்முறையை உலகத்திடமிருந்து மறைப்பது வேறு, செய்ததைப் பாதிக்கப்பட்டவரிடமிருந்து மறைப்பது வேறு என்று நான் தெளிவாகப் பிரித்திருக்க வேண்டும். வால்ட்டனிடம் முறையை மறைத்தது சரியென்றே வைத்துக்கொள்வோம். கொலைப்பழி சுமத்தப்பட்ட பணிப்பெண் ஜஸ்டினின் வழக்கில் வாயை மூடிக்கொண்டது? தன் தம்பியைக் கொன்றது யார் என்று விக்டருக்கு உள்ளூரத் தெரியும். சொன்னால் பைத்தியக்காரன் என்பார்கள் என்று பேசாமல் இருக்கிறான். அந்தப் பணிப்பெண் தூக்கில் தொங்குகிறாள். முறையை வெளியிடாமலேயே "இப்படி ஓர் உயிர் வெளியில் திரிகிறது" என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மனைவி எலிசபெத்தும் இறந்தபின், எல்லாம் முடிந்த காலத்தில், ஜெனீவா நீதிபதியிடம் போய்ச் சொல்கிறான்.

ஆய்வகத்தான்:

வேதியியல் ஆய்வகம் ஒன்றில் பல ஆண்டுகளாக வேலை செய்பவன் என்ற முறையில் ஜெக்கிலின் குறிப்பேட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் குறிப்பேட்டின் பக்கங்களுக்கு முதலிலேயே எண் அச்சிட்டிருக்கும். தாளைக் கிழிக்கக்கூடாது, தவறாக எழுதியதை அழிக்கக்கூடாது, ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையொப்பமும் தேதியும் இட வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில் இது வீண் சடங்கு என்று நினைத்தேன். வேறொருவர் வைத்துப்போன குப்பியில் இருந்தது என்ன என்று தெரியாமல் இரண்டு வாரம் அலைந்தபிறகு அப்படி நினைப்பதை விட்டேன்.

லான்யன் புரட்டும் ஏட்டில் தேதிகள் மட்டுமே வரிசையாக இருக்கின்றன. பல ஆண்டுகளுக்குரிய சில நூறு பதிவுகளில், "இரட்டை" என்ற சொல் ஆறு இடங்களில் வருகிறது. தொடக்கத்தில் ஓரிடத்தில் "முழுத் தோல்வி" என்று எழுதி வியப்புக்குறிகள் போட்டிருக்கிறார். வேறொன்றும் இல்லை. எடை இல்லை, எந்தக் கடையில் வாங்கிய உப்பு என்பது இல்லை. பிறகு என்ன நடக்கிறது? முதலில் வாங்கிய உப்பு தீர்ந்துபோகிறது, புதிதாக வாங்கியது வேலை செய்யவில்லை. லண்டனில் உள்ள மருந்துக் கடைகளையெல்லாம் சலித்தும் பயனில்லை. கடைசியில்தான், முதல் உப்பில் கலந்திருந்த ஏதோ ஒரு மாசுதான் மருந்தை வேலைசெய்ய வைத்தது என்ற முடிவுக்கு ஜெக்கில் வருகிறார். தன் உடம்பில் எதைச் செலுத்திக்கொண்டோம் என்பது அவருக்கே ஒருநாளும் தெரிந்திருக்கவில்லை. அறிவியலில் கவனக்குறைவும் அறத்தில் கவனக்குறைவும் ஒரே குறை என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எந்தப் புதினத்திலும் நான் கண்டதில்லை.

லான்யனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவரை நியாயவான் என்றே பலரும் கொள்கிறார்கள். பத்தாண்டுகளுக்கும் மேலாக ஜெக்கிலோடு அவர் கொண்ட பிணக்கு, அந்த ஆராய்ச்சி அறிவியலுக்கு ஒவ்வாத பிதற்றல் என்பதால் வந்தது. அதனால் எவருக்குத் தீங்கு நேரும் என்று அவர் கேட்டதே இல்லை. நள்ளிரவில் ஹைட் அவர் வீட்டில் நின்று, மருந்துக் கோப்பையோடு நான் போய்விடட்டுமா, இல்லை உங்கள் ஆர்வம் அடங்காதா என்று வெளிப்படையாகவே கேட்கிறான். முடிவைப் பார்த்துவிடுகிறேன் என்கிறார் லான்யன். அந்த ஆர்வம் ஜெக்கிலின் ஆர்வத்துக்கு எந்த விதத்தில் குறைந்தது? பார்த்தபின், கேர்யூ என்ற முதியவரைக் கொன்றவன் யார் என்பது தெரிந்தும், காவல்துறையிடம் சொல்லாமல், எல்லாவற்றையும் எழுதி உறையிலிட்டு முத்திரை வைத்து, ஜெக்கில் இறந்தாலோ காணாமற்போனாலோ பிரிக்கலாம் என்று குறித்துவிட்டு உயிரை விடுகிறார். மருத்துவத் தொழிலின் இரகசியக் காப்பு உறுதிமொழியை ஹைட் அவருக்கு முன்கூட்டியே நினைவூட்டியிருந்தான் என்பதை மறக்க வேண்டாம். நல்ல விதி ஒன்று கொலைகாரனுக்குத் திரையாகப் பயன்பட்டது.

தாமரைக்குளம்:

ஆய்வகத்தான் அவர்கள் எழுதியதைப் படித்து மிகவும் நெகிழ்ந்தேன். ஆனால் நாட்குறிப்பாளன் அவர்கள் ஜார்ஜியானாவை இவ்வளவு எளிதாகத் தம் பட்டியலில் சேர்த்துக்கொண்டது எனக்கு உறுத்துகிறது.

அவள் ஏட்டைப் படிக்கிறாள், உண்மைதான். கணவரின் புகழ்பெற்ற வெற்றிகளெல்லாம் அவர் குறிவைத்ததோடு ஒப்பிட்டால் தோல்விகளே என்பதை அதிலிருந்து அறிந்துகொள்கிறாள். அவர்மீது அன்பு கூடுகிறது, அவர் முடிவெடுக்கும் திறன்மீதான நம்பிக்கை குறைகிறது. ஆய்வறைக்கே போய், என்னிடம் ஆபத்தை மறைக்கிறீர்கள், முழுவதும் சொல்லுங்கள் என்று கேட்கிறாள். அவரும் சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகும் அவள் குடிக்கிறாள், இறக்கிறாள். எல்லாம் தெரிந்த ஒப்புதல் என்றால் அது இதுதான். அப்படியானால் எய்ல்மர் குற்றமற்றவரா?

இல்லவே இல்லை. அந்த மச்சத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகம் சுளித்து, நடுங்கி, கடைசியில் அவரைவிட அதிகமாக அவளே அதை வெறுக்கும் நிலைக்குக் கொண்டுவந்து விடுகிறார். உங்கள் கையால் நஞ்சைக் கொடுத்தாலும் குடிப்பேன் என்ற மனநிலையில்தான் இதையும் குடிக்கிறேன் என்று அவள் சொல்வதை ஒப்புதல் என்று எந்த மனசாட்சியோடு எடுத்துக்கொள்வது? ஒப்புதல் கேட்பதற்கு நெடுநாள் முன்பே, மறுக்கும் வலிமையை அவளிடமிருந்து பறித்துவிட்டார்கள்.

என் தாயாரின் அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய இரவு, மருத்துவமனை ஒன்றில் நான்கு பக்கப் படிவத்தை என்னிடம் நீட்டினார்கள். "இங்கே ஒன்று, இங்கே ஒன்று" என்று கையெழுத்து போட வேண்டிய இடங்களில் பேனா முனையால் தட்டிக் காட்டினார்களே தவிர, படிக்க விடவில்லை. படித்திருந்தாலும் அந்த இரவில் நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா? ஜார்ஜியானா குடிக்கும் காட்சியைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பேனா முனை என் கண்முன் வருகிறது.

ஹாதார்ன் அடுத்த ஆண்டே எழுதிய 'ராப்பச்சினியின் மகள்' கதையும் இங்கே பொருந்தும். பாதுவா நகரில் மகளை நஞ்சுச் செடிகளோடு செடியாகவே வளர்க்கும் ராப்பச்சினியை, மனிதரைவிட அறிவியலையே பெரிதாக மதிப்பவர் என்று கண்டிக்கிறார் பேராசிரியர் பாக்லியோனி. கண்டனம் முற்றிலும் சரி. ஆனால் அவரே என்ன செய்கிறார்? அந்தப் பெண்ணை ஒருமுறைகூடச் சோதிக்காமல், மாற்று மருந்து என்று வெள்ளிக் குப்பி ஒன்றை அவள் காதலன் கையில் கொடுத்தனுப்புகிறார். நஞ்சே உயிராக வளர்ந்தவளுக்கு அந்த மாற்று மருந்தே எமனாகிறது. அவள் சாகும்போது சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ராப்பச்சினி, உன் சோதனையின் முடிவு இதுதானா?" என்று கூவுகிறார். கொன்ற மருந்து இவருடையது. வெற்றிக் குரலும் இவருடையது. தொழில் போட்டி அறத்தின் குரலில் பேசினால் எப்படியிருக்கும் என்று அறிய விரும்புவோர் அந்தக் கடைசிப் பத்தியைப் படிக்க வேண்டும்.

மறுவாசிப்பு:

நாட்குறிப்பாளனின் கருத்தை, விலங்குகளை உயிரோடு அறுத்து மனித உருவாக்க முயலும் மருத்துவர் மோரோ உடைத்துவிடுகிறார் என்று எண்ணுகிறேன். எச். ஜி. வெல்ஸின் 1896ஆம் ஆண்டுப் புதினத்தில் மோரோ முதலில் மறைத்தாலும், பின்னர் தம் தீவில் வந்து சிக்கிய பிரெண்டிக்கை உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்குகிறார். தம் தொடையில் பேனாக்கத்தியைச் செருகிக் காட்டி, வலி என்பது இவ்வளவுதான் என்கிறார். இந்த விவகாரத்தின் அறத்தைப் பற்றி நான் இதுநாள்வரை கவலைப்பட்டதே இல்லை, இயற்கையைப் பயில்பவன் இயற்கையைப் போலவே இரக்கமற்றவனாகிவிடுகிறான் என்று ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். இதைவிடத் திறந்த ஏடு உண்டா? ஆனாலும் அது கொடுமைதானே?

பிரெண்டிக்கின் மறுப்பும் எனக்கு நிறைவு தரவில்லை. மோரோவுக்குப் புரிந்துகொள்ளத்தக்க நோக்கம் ஏதாவது இருந்திருந்தால் ஓரளவாவது பரிவு காட்டியிருப்பேன் என்கிறார். அதாவது, பயன் இருந்தால் வலி சரி. உயிருள்ள விலங்குகளை அறுத்து ஆராய்வதற்கு உரிமம் வேண்டும் என்று பிரிட்டனில் 1876இல் சட்டம் வந்தபோது எழுந்த வாதமும் ஏறத்தாழ இதுவே.

ஆய்வகத்தான்:

மோரோ விளக்கியது பிரெண்டிக்கிடம், தாம் அறுத்துக்கொண்டிருந்த பூமா என்ற பெரும்பூனை விலங்கிடம் அன்று. படிக்கத் தெரியாத உயிரின் சார்பில் ஏட்டைப் படிக்க வேண்டியவர் யார் என்பதுதான் அங்கே எழும் கேள்வி. சுவரில் பிணைத்த சங்கிலியைப் பிய்த்துக்கொண்டு அந்தப் பூமாவே வந்து அவரைக் கொல்கிறது.

பனிவெளி:

மறுவாசிப்பு சட்டத்தைக் குறிப்பிட்டதால், கதைகளுக்கு வெளியே இருந்த நிலையையும் சொல்லிவிடுகிறேன். அது நாட்குறிப்பாளன் தரப்புக்கே வலுச்சேர்க்கிறது என்றாலும் சொல்லத்தான் வேண்டும். 1803 சனவரியில் லண்டன் நியூகேட்டில் தூக்கிலிடப்பட்ட ஜார்ஜ் ஃபாஸ்டரின் உடலில், மின் ஆய்வாளர் கால்வானியின் உறவினரான அல்தீனி மின்சாரம் பாய்ச்சிக் காட்டினார். தாடை நடுங்கியது, ஒரு கண் திறந்தது. கொலைக்குற்றவாளிகளின் உடலை அறுவை மருத்துவர்களுக்குக் கொடுக்க 1752இலேயே சட்டம் இருந்தது. அறுக்கப்படுவது தண்டனையின் ஒரு பகுதி. 1828இல் எடின்பரோவில் பர்க், ஹேர் இருவரும் 16 பேரைக் கொன்று உடற்கூற்றியல் ஆசிரியருக்கு விற்றது வெளியானபின், 1832இல் புதிய சட்டம் வந்தது. அதன்பின் குற்றவாளிகளின் இடத்தில், ஏழை விடுதிகளில் உரிமை கோர ஆளில்லாமல் இறந்தவர்கள் வந்தார்கள். விக்டர் உடலுறுப்புகளைச் சேகரித்த பிணவறைகளை மேரி ஷெல்லி கற்பனையில் மட்டும் கண்டிருக்கத் தேவையில்லை. அந்த எட்டடி உடலுக்குள் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்கள் யார் என்று விக்டர் ஓரிடத்திலும் கேட்பதில்லை. இவ்வளவு காலமாக அந்தப் புதினத்தைப் படித்தும் நானும் கேட்டதில்லை.

தாமரைக்குளம்:

பனிவெளி ஐயாவின் கடைசி வரியை இரண்டு முறை படித்தேன்.

டிராகுலாவை இதுவரை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். அந்தப் புதினம் முழுவதும் ஏடுகளால் ஆனது. மருத்துவர் சீவர்ட் தம் மனநல விடுதியிலுள்ள ரென்ஃபீல்டை நோயாளியாகப் பார்ப்பதைவிட, தம் துறையை முன்னேற்றக் கிடைத்த வாய்ப்பாகவே பார்க்கிறார். சோதனையை முழுமையாக்கிப் பார்த்தால் என்ன என்று ஆசைப்பட்டு, இதைப் பற்றி அதிகம் எண்ணக்கூடாது என்று தம்மையே அடக்கிக்கொள்கிறார். ஓரிரவு வலுவான தூக்கமருந்தைக் கொடுத்து ரென்ஃபீல்டை உறங்கவைத்து, அவன் எண்களாக எழுதி நிரப்பிய சிறு ஏட்டை எடுத்துப் படிக்கிறார். பிராங்கன்ஸ்டைனிலும் 'பிறவி மச்சம்' கதையிலும் ஆய்வுக்குள்ளானவர்கள் ஆய்வாளரின் ஏட்டைப் படித்தார்கள். இங்கே அது தலைகீழாகிறது.

டிராகுலா இரத்தம் குடித்துவரும் லூசி என்ற பெண்ணின் கழுத்தில் பூண்டு மலர் மாலை எதற்கு என்பதை, அவளுக்கு மருத்துவம் பார்க்கும் வான் ஹெல்சிங் அவள் தாயிடம் சொல்வதில்லை. அறைக்காற்று கெட்டிருக்கிறது என்று எண்ணி, அந்தத் தாய் தன் கையாலேயே மலர்களை அகற்றிச் சன்னலையும் திறந்துவிடுகிறாள். இதய நோயாளியான அந்தத் தாய்க்கு அதிர்ச்சி தரக்கூடாது என்ற நல்லெண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே ஆண்கள் பிறகு லூசியின் தோழி மினாவிடமும் அதையே செய்கிறார்கள். சீவர்டின் ஒலிப்பதிவு உருளைகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து, மூன்று படிகள் எடுத்து, எல்லாருடைய குறிப்புகளையும் ஒரே வரிசையில் அடுக்கியவள் அவள். அந்த வரிசையை வைத்துத்தான் அவர்கள் வழியையே கண்டுபிடிக்கிறார்கள். உடனே, இது பெண் மனம் தாங்கும் செய்தி அன்று என்று அவளை விலக்கி வைக்கிறார்கள். விலக்கி வைத்த அந்த இரவுகளில்தான் டிராகுலா அவளிடம் வருகிறான். அவள் வெளிறிப்போனதன் காரணத்தை முதலில் உணர்பவன், சீவர்ட் பைத்தியம் என்று பூட்டிவைத்திருக்கும் ரென்ஃபீல்ட்.

நாட்குறிப்பாளன்:

தாமரைக்குளம் அவர்கள் ஜார்ஜியானாவைப் பற்றி எழுதியபின் என் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏட்டைக் காட்டினால் போதும் என்பதுபோல எழுதியிருந்தேன். படித்தபின் வேண்டாம் என்று சொல்ல முடிகிற நிலையில் அவரை வைத்திருக்கிறோமா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

உங்கள் அனைவரின் பதிவுகளுக்கும் பிறகு நேற்றிரவு பிராங்கன்ஸ்டைனின் கடைசிப் பகுதியை மீண்டும் எடுத்தேன். இறக்கும் தறுவாயில் விக்டர் தன் கடந்தகால நடத்தையை ஆராய்ந்து பார்த்து, அதில் பழிக்கத்தக்கது எதுவும் இல்லை என்கிறான். அதற்குச் சில நாள் முன்பு, வால்ட்டன் தன் கதையைக் குறித்துவைப்பதை அறிந்து, ஏட்டைக் கேட்டு வாங்கி, பல இடங்களில் தானே திருத்தியும் சேர்த்தும் கொடுத்திருக்கிறான். சிதைந்த கதை பின்வருவோர் கைக்குப் போகக்கூடாதாம். பனிவெளி ஐயா உயர்வாகச் சொன்ன அந்த மறுப்புக்குப் பக்கத்திலேயே இந்தத் திருத்தமும் இருக்கிறது. நாம் படிப்பது விக்டர் சரிபார்த்த படி.

ஆனால் அந்தப் படிக்குள் விக்டர் எழுதாத தாள்களும் இருக்கின்றன. கொட்டிலில் மறைந்திருந்த காலத்தில், அவன் படைத்த உயிர், அந்தக் குடிசைக்கு வந்து சேர்ந்த சாஃபி என்ற பெண்ணின் கடிதங்களைத் தன் கையால் பார்த்துப் படியெடுத்து வைத்திருந்தது. மோன்டான்வெர் பனிமலையில் தன் கதையைச் சொல்லும்போது, என் சொல் உண்மை என்பதற்கு இவை சான்று, போகுமுன் உன்னிடம் தந்துவிடுகிறேன் என்கிறது. அப்படியே தந்தும் விடுகிறது. விக்டர் எவ்வளவோ சத்தியம் செய்தும் முழுதாக நம்பாத வால்ட்டன், அந்தக் கடிதங்களையும் கப்பலிலிருந்து தெரிந்த அந்த உருவத்தையும் கண்டபின்தான் கூடுதலாக நம்பியதாகத் தன் சகோதரிக்கு எழுதுகிறான். நாம் பேசிய ஏடுகளில், கேட்காமலேயே எதிராளியிடம் சான்றாக ஒப்படைக்கப்பட்டவை அந்தத் தாள்கள் மட்டுமே.